பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன் ஓட்டும் செலவைக் கணக்குப் போடுவது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாசி மாதம் என் சித்தப்பா பையன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். “அண்ணா, புதுசா எடுத்தா 75 லட்சம் ஆகிற கார். 35 லட்சத்துக்கு வருது. ஓனர் அவசரத்துல இருக்கார், நாளைக்கே அட்வான்ஸ் போட்டுடட்டுமா?” நான் அவனிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். டயர் எந்த வருடம் தயாரானது? கடைசியாக கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா? அந்த கர்நாடகா நம்பரை நம் ஊர் நம்பராக மாற்ற எவ்வளவு வரி கட்ட வேண்டும்? மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளிப் போட வைத்தேன். அந்த ஒரு வாரத்தில் இருவரும் சேர்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர்தான். வேகமான கார்கள் அதிகமாகக் கைமாறும் சந்தை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூரில் வேலை பார்ப்பவர்கள், கிரானைட், மாங்கூழ், போக்குவரத்துத் தொழில்களில் இருப்பவர்கள் என்று இந்தப் பக்கம் அப்படிக் கார் வாங்க நினைப்பவர்கள் நிறையப் பேர். கையில் பணமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. வாங்கிய பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தக் கார் எவ்வளவு கேட்கும் என்ற கணக்கை மட்டும் பலர் போடுவதில்லை.

ஒன்றை முதலிலேயே மனதில் பதிய வையுங்கள். காரின் விலை பாதியாகக் குறையலாம், உதிரிபாகத்தின் விலை குறையாது. 75 லட்சம் ரூபாய்க் காரின் பிரேக் டிஸ்க்குக்கு, நீங்கள் அதை 35 லட்சத்துக்கு வாங்கினீர்கள் என்பது தெரியாது. அதனால் கணக்குப் போடும்போது உங்கள் கொள்முதல் விலையை ஒதுக்கிவிட்டு, கார் ஷோரூமில் இருந்தபோது என்ன விலையோ அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். இந்தக் காரை எதற்கு ஓட்டப் போகிறீர்கள் என்று நேர்மையாக எழுதுங்கள். தினமும் ஓசூர் போய் வரவா, மாதம் இரண்டு முறை பெங்களூருக்கா, ஞாயிறு காலை சேலம் வழியாக ஏற்காடு ஏறவா? மாதம் இரண்டு முறை கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் போய் வந்தால் வருடத்துக்கு 4,320 கிலோமீட்டர். இடையில் சில மலைப் பயணங்கள், ஊருக்குள் கொஞ்சம் ஓட்டம் என்று சேர்த்தால் 6,000. இந்தக் கட்டுரை முழுக்க அந்த 6,000 கிலோமீட்டரை வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். உங்கள் எண் வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், செலவில் ஒரு பாதி ஓடினால்தான் வரும், இன்னொரு பாதி நின்றாலும் வரும். இன்சூரன்ஸ், பேட்டரி, வருடாந்திர ஆயில், காலாவதியாகும் டயர் எல்லாம் ஓடாமல் நிற்கும் காருக்கும் உண்டு. “நான் எப்போதாவதுதான் எடுப்பேன், செலவு கம்மியாகத்தான் வரும்” என்று நினைப்பவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் செலவு கூடத்தான் செய்யும்.

இரண்டாம் படி: பெட்ரோல்

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் முன்கூட்டியே சரியாகக் கணிக்கக்கூடிய செலவு இதுதான், அதனால் சீக்கிரம் முடித்துவிடலாம்.

எட்டு சிலிண்டர், ஐந்து லிட்டர் எஞ்சின் கொண்ட ஃபோர்டு மஸ்டாங் போன்ற கார் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓடினால் லிட்டருக்கு 7 கிலோமீட்டர் என்று வையுங்கள். 6,000 கிலோமீட்டருக்கு 857 லிட்டர். உயர் ரகப் பெட்ரோல் லிட்டர் 110 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் வருடத்துக்கு 94,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். மாதிரியான காருக்கு லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்று வைத்தால் 60,000 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் வருடத்துக்கு 34,000. இந்த வித்தியாசத்துக்காக ஒரு காரை ஒதுக்கவோ வாங்கவோ வேண்டாம். இதைவிடப் பெரிய எண்கள் பின்னால் வருகின்றன.

பெட்ரோலில் கவனிக்க வேண்டியது தரம். எஞ்சினுக்குள் நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் எரியும் தன்மையைக் காட்டும் எண்தான் ஆக்டேன். நம் ஊர் பங்குகளில் நீண்ட நாள் சாதாரணமாகக் கிடைத்து வந்தது 91 ஆக்டேன். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பெட்ரோல் மூடிக்குள்ளேயே 95 அல்லது 98 என்று எழுதியிருப்பார்கள். குறைந்த ஆக்டேன் போட்டால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பற்றவைக்கும் நேரத்தைத் தாமதப்படுத்தும், இழுவை குறையும், மைலேஜும் குறையும். இந்தியன் ஆயிலின் எக்ஸ்.பி.95 பல பங்குகளில் கிடைக்கிறது. 2020 டிசம்பரில் வந்த எக்ஸ்.பி.100 பெரிய நகரங்களில் சில இடங்களில் மட்டும்தான் கிடைக்கும், விலையும் மிக அதிகம். எனவே உங்கள் வழக்கமான பாதையில் காருக்கு வேண்டிய ஆக்டேன் எந்தெந்தப் பங்குகளில் இருக்கிறது என்று கார் வாங்கும் முன்பே ஒரு முறை ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எத்தனால். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அது ஈரத்தையும் இழுக்கும். பழைய காரின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இந்த அளவு எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவையாக இல்லாமல் போகலாம். காரின் கையேட்டில் எத்தனை சதவீதம் வரை அனுமதி என்று இருக்கும், அதைப் படியுங்கள். மாதக் கணக்கில் காரை நிறுத்தும்போது பாதி டேங்க்கில் பெட்ரோலைத் தேங்க விடாதீர்கள்.

மூன்றாம் படி: டயர்

பெங்களூரில் கார் பார்க்கப் போனால் நான் முதலில் குனிந்து பார்ப்பது டயரைத்தான். பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் ஆழமாக இருக்கிறது, கருகருவென்று மின்னுகிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். ஆறு வருடம் தாண்டிய ரப்பர் இறுகிப் போயிருக்கும். நெடுஞ்சாலையில் மழை பெய்யும்போது அதை நம்பி வேகமாகப் போக முடியாது.

மஸ்டாங்கில் முன் டயர் 255/40 ஆர்19, பின் டயர் 275/40 ஆர்19. முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட வழியில்லை. பின் சக்கர இழுவை உள்ள காரில் பின் டயர்தான் முதலில் தேயும். போர்ஷே கார்களுக்கு என்றே அங்கீகரித்த டயர்களில் என்0, என்1 என்று முத்திரை இருக்கும், அதற்கும் விலை கூடும்.

நான்கு டயரும் சேர்ந்து 1,20,000 ரூபாய், ஆயுள் 20,000 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் டயருக்கே போகிறது. 6,000 கிலோமீட்டருக்கு 36,000. நம் ஊர்க் கடைகளில் இந்த அளவு பெரும்பாலும் இருப்பில் இருக்காது. பெங்களூரிலோ சென்னையிலோ ஆர்டர் போட்டுத்தான் வாங்க வேண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னியும் கிடையாது, காற்று பம்பும் பஞ்சரை அடைக்கும் திரவமும் மட்டும்தான் தருவார்கள். ராயக்கோட்டை சாலையில் இரவு பத்து மணிக்குப் பள்ளத்தில் இறங்கி டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அந்தத் திரவத்தால் ஒன்றும் ஆகாது. ரெக்கவரி வண்டிதான் வர வேண்டும், அதுவும் காரை முழுதாக மேலே ஏற்றும் பிளாட்பெட் வண்டியாக இருக்க வேண்டும். தாழ்ந்த காரைக் கொக்கி போட்டு இழுத்தால் முன் பம்பர் மிஞ்சாது.

வாங்கும் முன் செய்ய வேண்டிய எளிய வேலை ஒன்று: டயரின் முழு அளவைக் குறித்துக்கொண்டு இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். டயர் மாற்றும் கட்டத்தில் கார் இருந்தால் அந்த 1,20,000 ரூபாயைக் கார் விலையில் குறைத்துக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

நான்காம் படி: பிரேக்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். லாரிக்காரர்கள் அங்கே ஏன் சின்ன கியரில் இறங்குகிறார்கள் என்பதும் தெரியும். ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே பாடம்தான். பெரிய டிஸ்க், அதைப் பேடால் இறுக்கிப் பிடிக்கும் நான்கு அல்லது ஆறு பிஸ்டன் காலிப்பர் எல்லாம் நன்றாக நிறுத்தும், ஆனால் தேய்ந்தால் பேடும் டிஸ்க்கும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். டிஸ்க்கின் ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள். தூக்கிய விளிம்பு தட்டுப்பட்டால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதற்கான பில் கேளுங்கள்.

செராமிக் பிரேக் உள்ள காரை நம் பக்கம் ஓட்டுபவர்கள் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. போர்ஷேவில் பெரும்பாலும் மஞ்சள் காலிப்பர் அதன் அடையாளம். பந்தயத் தடத்தில் அதற்கு அர்த்தம் உண்டு. கிருஷ்ணகிரி டோல்கேட்டுக்கும் சூளகிரிக்கும் நடுவில் அதனால் உங்களுக்கு ஒரு பலனும் இல்லை. ஒரு கல் பட்டு டிஸ்க் உடைந்தால் செலவு லட்சங்களில் வரும்.

ஐந்தாம் படி: எஞ்சின், கியர்பாக்ஸ், அந்தந்தக் காரின் பலவீனம்

பணம் பெரிதாகப் போகும் இடம் இது, எனவே இங்கே பொறுமையாக இருங்கள்.

வழக்கமான சர்வீஸே பெரிய அளவில்தான் வரும். ஒரு சின்னக் காருக்கு மூன்று, மூன்றரை லிட்டர் எஞ்சின் ஆயில் போதும். 2016இல் இந்தியாவுக்கு வந்த மஸ்டாங்குக்கு ஏழரை லிட்டர் வேண்டும், ஸ்பார்க் பிளக் எட்டு. குறைவாக ஓட்டினாலும் வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும்.

அதற்கு மேல் ஒவ்வொரு எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஊரறிந்த பலவீனம் ஒன்று இருக்கும். நீங்கள் பார்க்கும் காரின் பலவீனம் எது என்று தெரியாமல் பேரம் பேசக்கூடாது. சில உதாரணங்கள் சொல்கிறேன்.

பழைய போர்ஷே பாக்ஸ்டர் பார்க்கிறீர்கள் என்றால் 2009ஆம் ஆண்டு மாடல் ஒரு எல்லைக்கோடு. அதற்கு முந்தைய எஞ்சின்களில் இடைத்தண்டு (ஐ.எம்.எஸ்.) பேரிங் என்ற உள் பாகம் உண்டு, அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். 2009 முதல் வந்த புதிய எஞ்சினில் அந்தப் பேரிங்கே இல்லை. 2016 முதல் வந்த பாக்ஸ்டரின் 718 வரிசையில் அடிப்படை மாடல்கள் நான்கு சிலிண்டர் டர்போவுக்கு மாறிவிட்டன, எனவே அதன் கணக்கே வேறு.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்களில் இரண்டு வகை உண்டு. ஆயிலில் நனைந்து வேலை செய்யும் ஆறு கியர் வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். மாற்றியிருந்தால் நன்றாக உழைக்கும். உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் வகையில் மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பகுதி பழுதாவது பலரும் அறிந்த விஷயம். போலோ ஜி.டி.ஐ. இந்தியாவில் அந்த உலர் வகையோடுதான் வந்தது. ஆக்டேவியா வி.ஆர்.எஸ். நனைந்த வகை. ஒரே குழுமத்தின் இரண்டு கார்கள், ஆனால் ஒதுக்கி வைக்க வேண்டிய பணம் வேறு வேறு. வி.ஆர்.எஸ். 245 இந்தியாவுக்கு 2020இல் வெறும் 200தான் வந்தது. குறைவாக வந்த காருக்கு மறுவிற்பனை மதிப்பு நிற்கும், ஆனால் அதற்கே உரிய பம்பர், விளக்கு போன்றவற்றைத் தேடி அலைய வேண்டி வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் வால்வுகளின் பின்புறம் கரி படியும். சும்மா நிற்கும்போது எஞ்சின் நடுங்கினால் சந்தேகப்படுங்கள். மடியும் கூரை உள்ள பி.எம்.டபிள்யூ. இஸட்4, மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. போன்ற கார்களில் கூரையை ஐந்தாறு முறை திறந்து மூடிப் பாருங்கள். ஹைட்ராலிக் கசிவு இருந்தால் சீட்டுக்குப் பின்னால் ஈரமோ எண்ணெய்க் கறையோ காட்டிக் கொடுக்கும்.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதனால் மஸ்டாங் வாங்கவே கூடாது என்று ஒதுக்கத் தேவையில்லை. அது அமெரிக்காவில் பெரும் எண்ணிக்கையில் விற்ற கார், உதிரிபாகம் உலகச் சந்தையில் தாராளமாக இருக்கிறது. ஆனால் வரவழைக்கும் நாட்களும் சுங்க வரியும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. நான் வைத்திருந்த இரண்டு இருக்கைக் கார், வாங்கிய இரண்டாம் மாதம் சூளகிரி தாண்டும்போது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்ததாக எச்சரிக்கை விளக்கைக் காட்டியது. ஓரமாக நிறுத்திவிட்டேன். பிளாட்பெட் வந்து பெங்களூருக்குத் தூக்கிப் போனது. உடைந்தது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பாகம். அதை அடைய பாதி எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருந்தது. பாகம் வர மூன்று வாரம். பாகம், கூலி, வண்டி வாடகை, நான் இரண்டு முறை போய் வந்தது எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய். வாங்கும் முன் ஒரு நல்ல பட்டறையில் கூலன்ட் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை செய்திருந்தால் அந்தக் கசிவு முன்பே தெரிந்திருக்கும். அந்தப் பரிசோதனைக்குச் செலவு செய்ய அன்று எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு யார் கேட்டாலும் முதலில் அதைச் செய்யச் சொல்கிறேன்.

ஆறாம் படி: பரிசோதனைக்குப் பணம் கொடுங்கள்

விற்பவரோ புரோக்கரோ சொல்லும் பட்டறைக்குப் போகாதீர்கள். அந்த பிராண்டு கார்களையே தினமும் பிரித்துப் பூட்டும் பட்டறை பெங்களூரில் இருக்கும், அங்கே நீங்களே நேரம் வாங்குங்கள். காரை லிஃப்டில் தூக்கி அடியில் பார்ப்பது, ஸ்கேனர் போட்டுப் பழைய பிழைக் குறிகளைப் படிப்பது, சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (உள் அழுத்தம்) பார்ப்பது, பெயின்ட் தடிமனை மீட்டரில் அளப்பது, இந்த நான்கும் கட்டாயம். போர்ஷேவில் எஞ்சின் எத்தனை முறை அளவுக்கு மீறிச் சுற்றப்பட்டது என்ற பதிவும் உள்ளே இருக்கும், அதையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் பெங்களூரிலும் 2023 டிசம்பரில் சென்னையிலும் வந்த வெள்ளத்தில் விலை உயர்ந்த கார்கள் பல மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடிப்பகுதியில் மண் கறை இருக்கிறதா, சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, தரை விரிப்புக்கு அடியில் ஈர வாடை வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட காருக்கு ஓட்டும் செலவைக் கணக்கே போட முடியாது. எந்த வயர் எப்போது அரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓட்டிப் பார்க்கும்போது காலையில் குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, நெரிசலில் பத்து நிமிடம் நிறுத்தி, வெப்பமானியைப் பாருங்கள். சித்திரை வெயிலில் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது இந்தக் கார் என்ன செய்யும் என்பதற்கு அதுதான் ஒத்திகை.

முடிந்தால் உங்கள் வீட்டுக்குப் போகும் தெருவின் வேகத்தடைகளில் ஒரு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஓனர் சம்மதிக்காவிட்டால் வேகத்தடையின் உயரத்தை அளந்துகொண்டு போய் காரின் அடி உயரத்தோடு ஒப்பிடுங்கள். வீட்டு வாசல் சாய்வில் ஒவ்வொரு நாளும் முன் உதடு உரசினால் வருடத்துக்கு ஒரு பம்பர் வேலை வரும்.

ஏழாம் படி: நம்பர் மாற்றமும் வரியும்

பெங்களூர்க் காரை மலிவாக வாங்கி வருபவர்கள் தடுமாறும் இடம் இது. வேறு மாநிலப் பதிவு கொண்ட கார் 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். கிருஷ்ணகிரி என்றால் டி.என்.24, தருமபுரி டி.என்.29, ஓசூர் டி.என்.70. பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று), கடன் இருந்தால் வங்கியிலிருந்து ஹைப்போதிகேஷன் (கடன் அடமானம்) நீக்கக் கடிதமும் 35ஆம் படிவமும், அப்புறம் பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்கள் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். பழைய காருக்கு வயதுக்கு ஏற்ப இது குறையும். ஆனால் குறைந்த பிறகும் பெரிய தொகைதான், ஏனென்றால் தொடங்குவது காரின் முதல் விலையிலிருந்து. கார் எண், தயாரான மாதம், முதல் விலை பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போய் எவ்வளவு வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதிக்குத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்தப் பணம் கைக்கு வரும் வரை அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். புதுச்சேரி நம்பர் கார் என்றால் இன்னும் கவனமாக இருங்கள். வரி குறைவு என்பதற்காகவே அங்கே பதிவான கார்கள் நிறைய உண்டு. இங்கே கொண்டு வந்தால் வித்தியாசம் முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

15 வருடம் நெருங்கிய இறக்குமதிக் கார் என்றால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 40,000 ரூபாய், 2022 ஏப்ரல் முதல் இதுதான் நிலவரம். மலிவாகக் கிடைக்கும் 13, 14 வருடக் கார்களின் விலைக்குப் பின்னால் இதுவும் ஒரு காரணமாக இருக்கும். அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் கார் எண்ணைப் போட்டுப் பார்த்தால் கடன், இன்சூரன்ஸ் தேதி தெரியும். அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

எட்டாம் படி: இன்சூரன்ஸ்

1500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022 ஜூனில் நிர்ணயித்தபடி வருடத்துக்கு 7,897 ரூபாய், வரி தனி. அது சின்னத் தொகைதான். சொந்தச் சேதத்துக்கான பகுதிதான் பெரியது. விற்பவருக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) இருக்கிறது என்று அவருடைய பாலிசித் தொகையைக் காட்டினால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த போனஸ் ஆளுக்கு உரியது, காரோடு வராது. உங்கள் பெயரில் எவ்வளவு வரும் என்று தனியாகக் கேளுங்கள். கார் உங்கள் பெயருக்கு மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்றிவிட வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு முக்கியமான ஒரு விவரம்: பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு 50 சதவீதம். பம்பரும் முகப்பு விளக்கும் பிளாஸ்டிக்தான். 2 லட்சம் ரூபாய் விளக்கு உடைந்தால் 1 லட்சம் உங்கள் கையிலிருந்து போகும். தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பாதுகாப்பை எத்தனை வயதுக் கார் வரை தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

என் தம்பிக்காக நாங்கள் போட்டது இது. ஷோரூம் விலை 75 லட்சம், கேட்ட விலை 35 லட்சம், வருடம் 6,000 கிலோமீட்டர். பெட்ரோல் 94,000. டயர் 36,000. வருடாந்திர சர்வீஸ் 60,000. இன்சூரன்ஸ் 80,000. பிரேக் பங்கு 15,000. பிளாட்பெட், டோல், பட்டறைக்குப் போய் வருவது 15,000. மொத்தம் 3 லட்சம், அதாவது கிலோமீட்டருக்கு 50 ரூபாய். இதில் சர்வீஸும் இன்சூரன்ஸும் நாங்கள் பெங்களூரில் விசாரித்து எழுதிய தோராயம், உங்கள் காருக்கு நீங்கள் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அத்தோடு நிற்கக்கூடாது. பெரிய பழுதுக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஷோரூம் விலையில் வருடத்துக்கு 3 சதவீதம். 75 லட்சத்துக்கு 2,25,000. ஒரு வருடம் ஒன்றுமே ஆகாது, அடுத்த வருடம் கியர்பாக்ஸ் மொத்தத்தையும் விழுங்கும். அதனால் அது தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். இதையும் சேர்த்தால் வருடத்துக்கு 5,25,000, மாதத்துக்கு 43,750, கிலோமீட்டருக்கு 87 ரூபாய் 50 காசு.

வாங்கும் பணத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. 35 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால் வருடத்துக்கு 2,45,000 வந்திருக்கும். கடன் வாங்கி வாங்குகிறீர்கள் என்றால் பழைய காருக்கு வட்டி இன்னும் அதிகம். என் கருத்து உறுதியானது: ஒதுக்கீட்டுப் பணத்தைத் தொடாமல் மாதாந்திரச் செலவைத் தாங்க முடியாது என்றால், அந்தக் காரை விட்டுவிட்டு ஒரு படி கீழே பாருங்கள். 35 லட்சம் கையில் இருக்கிறது என்றால் 27, 28 லட்சத்துக்குக் கார் தேடுங்கள். மீதி அந்தக் காரின் முதல் இரண்டு வருடத்துக்கு.

வாங்கிய முதல் மாதம்

பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றையும் மாற்றி, அந்தத் தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள். வாரக் கணக்கில் நிற்கும் கார் என்றால் பேட்டரியை மெதுவாக நிரப்பி வைக்கும் சார்ஜர் ஒன்று வாங்கி ஷெட்டிலேயே மாட்டிவிடுங்கள். டயர் ஒரே இடத்தில் தட்டையாகாமல் இருக்க வாரம் ஒரு முறையாவது காரை எடுத்து எஞ்சின் முழுதாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள்.

மாந்தோப்பில், பண்ணை வீட்டில் கார் நிறுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, எலி. எஞ்சின் வயர் மேலுறையைக் கடித்துவிடும். ஒரு வயர்க் கட்டு முழுவதும் மாற்ற வேண்டி வந்தால் அது ஒரு செட் டயர் விலையைத் தாண்டலாம். ஷெட்டில் மாங்காய்க் கூடை, தீவன மூட்டை எதையும் வைக்காதீர்கள். காரை நிறுத்தும்போது கதவோரத்தில் பொறி வையுங்கள், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டைத் திறந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

என் தம்பி அந்த 35 லட்சம் காரை வாங்கவில்லை. பரிசோதனையில் பின் டயர் இரண்டும் ஆறு வருடம் தாண்டியவை, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்குப் பதிவே இல்லை என்று தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து 26 லட்சத்துக்கு நான்கு சிலிண்டர் டர்போ கார் ஒன்று எடுத்தான், எல்லா பில்லும் ஒரு கோப்பில் இருந்தது. போன வாரம் அதில்தான் ஏற்காடு போய் வந்தோம். இறங்கும்போது நோட்டை நான் பிடித்துக்கொண்டேன், அவன் கிலோமீட்டரைச் சொல்லச் சொல்ல எழுதினேன்.